ஒன்றரை நாள் வேலை

நேற்று உங்கள் விரலுறையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். சைக்கிள் டியூப்பை வெட்டி உங்கள் வீட்டு அம்மணி தைத்துக் கொடுத்தது. ரப்பர் வாசம் எப்போதோ போய்விட்டது. கருகிய விளக்கெண்ணெயும் அதற்கடியில் லேசாக ஈதரும் இன்னும் மணக்கின்றன. என் ஆள்காட்டி விரலில் மாட்டிப் பார்த்தேன், நடுக்கணுவைத் தாண்டி இறங்கவில்லை. இருபது வருடம் லேத்தில் நின்றவன் விரல் எங்கே, கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை பிடித்த உங்கள் விரல் எங்கே.

பதினோரு வருடம் பழகினோம். ஒருநாள்கூட வா, போ என்று பேசிக்கொண்டதில்லை. கணபதி பகுதியில் என் பட்டறைக்கு அடுத்த வீதிக்கு நீங்கள் குடிவந்த புதிதில் ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்து நின்றீர்கள். "ஏனுங்க, இதுல ஒரு ஸ்க்ரூ ஒடஞ்சு நிக்குதுங்க. எடுத்துத் தர முடியுங்களா?" பிரித்தால் எலுமிச்சம்பழ அளவில் ஓர் என்ஜின். பொம்மை விமானத்தில் வைப்பது என்றீர்கள். விமானம் எங்கே என்று கேட்டேன். "விமானமெல்லாம் இல்லைங்க. என்ஜின் மட்டுந்தானுங்க" என்றீர்கள், அது ரொம்ப நியாயமான விஷயம் என்பதுபோல. மறை கழன்ற ஆள் என்று நினைத்தேன். அடுத்த மாதமே எனக்கும் கழன்றுவிட்டது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்கு அதுதான். கறிக்கடைக்குப் போய்வந்து, கறியை அவரவர் வீட்டில் கொடுத்துவிட்டு, பட்டறையின் பின்பக்கம் வைஸ் இடுக்கியில் ஒரு என்ஜினை இறுக்குவோம். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் நீங்கள்தான் கலப்பீர்கள். ஆய்வகத்துக்குச் சரக்குப் போடும் கடையில் சொல்லி ஈதர் வாங்கிவருவீர்கள். என்ஜின் முனையிலிருக்கும் மரக் காத்தாடியை விரலால் சுண்டினால் படபடத்துக்கொண்டு ஓடும். தெருவே விளக்கெண்ணெய்ப் புகை. என் வீட்டில் இதற்காகவே அன்றைக்குத் துணி துவைப்பதை நிறுத்திவிட்டார்கள். என்ஜின்களுக்கு அதனதன் ஊர்ப் பெயரை வைத்தீர்கள். பழைய இரும்புக் கடையில் கிடைத்தவன் ஈரோட்டுக்காரன். எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்தவன் குன்னூர்க்காரன். எப்போதும் முரண்டு பிடிப்பான். "மலைக் குளிருங்க, அவனுக்கு இங்க வேர்க்குது" என்று அவனுக்கு வக்காலத்து வாங்குவீர்கள்.

கிணத்துக்கடவிலிருந்து வந்தது மட்டும் 'காரர்'. அதற்கு மரியாதை. தென்னந்தோப்புச் சாளை வீட்டில் மோட்டார் பெட்டிக்குப் பின்னால் ஒரு டப்பாவில் கிடந்தது. தோப்புக்காரரின் அண்ணன் கல்லூரியில் படித்தபோது வாங்கியதாம். "நாலு தடவ ஓட்டியிருப்பாரு, அவ்வளவுதானுங்க. அப்புறம் கல்யாணமாச்சு" என்றார் தோப்புக்காரர். இளநீர் வெட்டிக் கொடுத்து, "எடுத்துட்டுப் போங்க, இங்க எலிதான் பாக்குது" என்று சும்மாவே தந்துவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தீர்கள். புத்தகத்தில் படம் மட்டுமே பார்த்த என்ஜின் அது. காத்தாடியைச் சுற்றினால் அசையவில்லை. விளக்கெண்ணெய் இறுகி உள்ளே பசையாகியிருந்தது.

என்னிடம் கொடுத்துவிட்டு மச்சினன் கல்யாணத்துக்கு ஈரோடு கிளம்பினீர்கள். "ஒரு வாரம் மண்ணெண்ணெயிலயே கெடக்கட்டுங்க. தானா எளகும். அவசரமே வேண்டாங்க."

எனக்கு அவசரம். நீங்கள் வரும்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் நாளே சுடுதண்ணீரில் போட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டிப் பிஸ்டனை வெளியே எடுத்தேன். உடம்பெல்லாம் பழுப்பாக இருந்தது. துரு என்று நினைத்தேன். பம்புசெட்டில் இப்படி எதையாவது பார்த்தால் கை தானாகவே இரும்பை உரசித் தேய்க்கும் கிரைண்டிங் பேஸ்ட் டப்பாவைத் தேடும். தடவினேன். சிலிண்டரில் விட்டு முன்னும் பின்னும் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது. கழுவிப் போட்டபோது பிஸ்டன் தன் எடையிலேயே கீழே வழுக்கி விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. இந்த என்ஜினில் பிளக் கிடையாது, ரிங் கிடையாது. பிஸ்டனும் சிலிண்டரும் மயிரிழைகூட இடமில்லாமல் பொருந்தினால்தான் காற்று நசுங்கிச் சூடேறி எண்ணெய் தீப்பிடிக்கும். அந்தப் பொருத்தத்தை நான் தேய்த்து எடுத்துவிட்டேன். பழுப்பு துரு இல்லை, வெறும் எண்ணெய்க் கறை. மண்ணெண்ணெயில் ஒரு வாரம் கிடந்திருந்தால் போயிருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலமே ஈரோட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து மளிகைக் கடைக்கு போன் செய்தீர்கள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. கல்யாண வீட்டை விட்டுவிட்டு என்ஜினை விசாரிக்க ஓடிவந்திருக்கிறீர்கள்.

"எளகுச்சுங்களா?"

"எளகுச்சுங்க. ஆனா உள்ள தேஞ்சு போயிருக்குதுங்க."

"நாலு தடவ ஓடுனது எப்படிங்க தேயும்?" என்றீர்கள். எனக்கென்னங்க தெரியும் என்றேன். "சரிங்க. வந்து பாத்துக்கலாங்க" என்று வைத்துவிட்டீர்கள்.

அப்புறம் மூன்று வருடம். மற்ற என்ஜின்களையெல்லாம் மறந்துவிட்டு ஞாயிறுதோறும் அந்த ஒன்றையே சுண்டிக்கொண்டிருந்தீர்கள். விளக்கெண்ணெயைக் கூட்டிப் பார்த்தீர்கள், ஈதரைக் கூட்டிப் பார்த்தீர்கள், என்ஜின் தலையிலிருந்த திருகை இறுக்கிப் பார்த்தீர்கள். காத்தாடி பட்டு விரல் கிழிந்து, அதற்குப் பிறகுதான் அம்மணி இந்த உறையைத் தைத்தது. உங்களோடு நின்று நானும் சுண்டினேன். ஓடாது என்று தெரிந்த ஒரே ஆள், கவலையாக முகத்தை வைத்துக்கொண்டு.

ஒருநாள் நீங்களே கேட்டீர்கள். "புதுசா ஒரு பிஸ்டன் கடைஞ்சு போட்டுப்போடலாங்களா? உங்களுக்கு அது ஒரு வேலையாங்க?"

வேலையே இல்லை. ஆனால் அதற்கு சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். உங்கள் கையில் பூதக்கண்ணாடி இருக்கும். பேஸ்ட் போட்ட கோடுகள் தெரிந்துவிடும். "ஒரிஜினலத் தொட்டா அதுக்கு மதிப்பேதுங்க" என்றேன். நீங்கள் எப்போதும் சொல்லும் வார்த்தையையே எடுத்து உங்கள் வாயை அடைத்தேன். "அதுஞ் சரிதானுங்க" என்று ஒத்துக்கொண்டீர்கள். வேறொருவராக இருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கி, என்னடா செய்தாய் என்று கேட்டிருப்பார். நமக்குள் அந்த 'டா' இல்லாமல் போய்விட்டது. அதற்கு வருத்தப்படுகிறேன்.

காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கண்ணெல்லாம் மஞ்சளாக என்னைப் பார்த்தீர்கள். "கெணத்துக்கடவுக்காரரு ஏதாச்சும் பேசுனாருங்களா?"

"நீங்க வந்தாத்தான் பேசுவாராமுங்க" என்றேன். சிரித்தீர்கள். அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் யாருமில்லை, அம்மணி வெந்நீர் பிடிக்கப் போயிருந்தது. தண்ணீர் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் போய்விட்டீர்கள்.

போன மாதம் அம்மணி பிஸ்கட் டின்னோடு பட்டறைக்கு வந்தது. என்ஜினும் விரலுறையும் அதில்தான் இருந்தன. வீட்டைக் காலி செய்துகொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறதாம். "எனக்கு ஒண்ணும் வேண்டாங்கண்ணா. ஒரேயொரு தடவ இத ஓட்டிக் காட்டிருங்க. அவரு கேக்காமப் போன சத்தத்த நானாச்சும் கேட்டுட்டுப் போறேன்."

வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றை லேத்தில் பிடித்தேன். சிலிண்டரில் கோடுகள் அப்படியே இருந்தன, பூதக்கண்ணாடிகூட வேண்டியிருக்கவில்லை. கடைந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பொருத்தி, மறுநாள் மத்தியானம் முடித்தேன். ஞாயிறு காலை அம்மணியை வரச்சொன்னேன். நீங்கள் மிச்சம் வைத்த ஈதரைத்தான் கலந்தேன். நாலாவது முறை சுண்டியதில் பிடித்துக்கொண்டது. என்ன சத்தம் தெரியுமா. குன்னூர்க்காரன், ஈரோட்டுக்காரன் எல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. அம்மணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எண்ணெய் தீரும்வரை அசையாமல் நின்றது.

"எப்படிங்கண்ணா இத்தன நாளு ஓடாதது ஓடுச்சு?"

"பிஸ்டன் மாத்துனேனுங்க அம்மணி."

"எத்தன நாளாச்சுங்க மாத்த?"

"ஒண்ணரை நாளுங்க."

அம்மணி என்ஜினைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "அவரு இருக்கறப்பவே செஞ்சிருக்கலாமுங்களேண்ணா" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. நான் வைஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மணி வாரேனுங்க என்று கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த என்ஜினை நான் ஓட்டவில்லை. இனி ஓட்டுவதாகவும் இல்லை. பழைய பிஸ்டன் என் சட்டைப் பையில் இருக்கிறது. பளபளப்பு கொஞ்சமும் குறையவில்லை, அவ்வளவு நன்றாகத் தேய்த்திருக்கிறேன். இதையெல்லாம் எழுதிவிட்டால் மனது ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. இதைப் படிக்க நீங்கள் இல்லை. படிக்க வேண்டிய ஆள் அடுத்த வீதியில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கிறது. நாளைக் காலையில் வண்டி வருகிறது. அதற்குள் இதைப் போய்க் கொடுத்துவிடலாம், நூறு அடி தூரம்கூட இல்லை. நான் போக மாட்டேன். உங்களிடமே சொல்லாதவன்.