ஒஸ்டின் புறப்படும் நாள்

பதுளை
06.10.2024

அன்புள்ள லீலா,

காரும் நானும் நலம். அகர வரிசைப்படி எழுதியிருக்கிறேன். வேறு அர்த்தம் எடுக்க வேண்டாம்.

உமது தபாலட்டை கிடைத்தது. உமது அம்மாவின் ஆண்டுத் திவசம் மாசி நாலு, அதாவது பெப்ரவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு நான் உமது அப்பாவின் ஒஸ்டினை ஓட்டிக்கொண்டு கொக்குவில் வீட்டுக்கு வந்து நின்றால், என்னோடு பதுளைக்குத் திரும்புவது பற்றி யோசிப்பீர். வராவிட்டால் யோசிக்க மாட்டீர். தொலைபேசி எடுக்க வேண்டாம், எழுதலாம். ஏழு மாதத்தில் நீர் எனக்கு எழுதிய முதல் ஐந்து வரிகள் இவை. இவ்வளவு தெளிவான விண்ணப்பம் என் முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் ஒன்றுகூட வந்ததில்லை.

இன்னும் பத்தொன்பது கிழமை இருக்கிறது. காருக்கு என்னைவிட ஒரு வயதுதான் குறைவு. நாங்கள் கல்யாணம் முடித்த காலத்திலிருந்து மலைநாட்டில் ஏறி இறங்கிய வண்டி; நானூறு கிலோமீற்றர் நேர் ரோட்டு அதற்குப் புதிது. ஆகவே முறைப்படி செய்யப் போகிறேன். பழைய பரிசோதனைப் படிவம் ஒன்று வீட்டில் இருந்தது. நாற்பத்திரண்டு அம்சங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி போட்டு வருகிறேன்.

முறிகண்டிப் பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காயும் வாங்கிவிட்டேன். யாழ்ப்பாணம் போகிற எந்த வாகனமும் அங்கே நிற்காமல் போவதில்லை. கடைசி நேரத்தில் தேடி அலையக்கூடாது. உரித்தால் பழுதாகிவிடும் என்று உரிக்காத தேங்காயாக வாங்கிப் பின்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
க. புவனேந்திரன்
மோட்டார் வாகனப் பரிசோதகர் (ஓய்வு)

---

கொக்குவில்
14.10.2024

பிரசாந்தினியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் விண்ணப்பதாரி இல்லை. எனக்கு எழுதும்போது உத்தியோகத்தைப் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம்.

அந்தக் காரை அப்பா கொக்குவிலிலிருந்து பதுளைக்கு ஒரே நாளில் ஓட்டி வந்தார். உள்ளே ஆறு பேரும் ஒரு பலாப்பழமும். புறப்படுமுன் பெற்றோல் இருக்கிறதா என்று ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். வேறொன்றும் பார்க்கவில்லை.

நான் காலையில் எழும்பி முற்றம் கூட்டுகிறேன். அம்மாவின் கட்டிலைத் தங்கச்சி வதனி இன்னும் எடுக்கவில்லை. மடித்த உடுப்புகளை அதன்மேல் வைக்கிறேன். பிரசாந்தினி ரொறொன்ரோவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாள். காருக்குக் கீழே என்றேன். சரி என்றாள்.

லீலாதேவி

---

பதுளை
10.11.2024

அன்புள்ள லீலா,

இருபத்தாறு அம்சங்கள் முடிந்துவிட்டன. மழை விடவில்லை, குடைக்குக் கீழே நின்று முன்விளக்கு சரிபார்த்தேன். பக்கத்து வீட்டார் யன்னலால் பார்த்தார்கள். கை காட்டினேன்.

இரண்டு தரம் அப்புத்தளைக்குப் போய் வந்தேன், ஏற்றம் பார்ப்பதற்கு. முதல் தரம் கார் சூடாகவில்லை. அது சந்தேகத்துக்கு இடமானபடியால் இரண்டாம் தரம் போனேன். அப்போதும் சூடாகவில்லை. அங்கே மூடுபனி, அதனால் சூடாகாமல் இருந்திருக்கலாம் என்று மொனராகலைக்கு இறக்கினேன். நல்ல வெயில். சூடாகவில்லை. அடுத்த கிழமை உச்சி வெயிலில் மறுபடி போனேன். அப்போதும் இல்லை. ஒரு குறையும் காட்டாத வண்டியை நான் உத்தியோகத்தில் ஒருநாளும் நம்பியதில்லை.

இப்றாஹீமின் கராஜில் விட்டு றேடியேற்றரைக் கழற்றச் சொன்னேன். அவருடைய வான் வண்டியை நான் முன்பு மூன்று தரம் பரிசோதனையில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை அவர் மறக்கவில்லை, ஆனாலும் தேத்தண்ணி தருகிறார். "சேர், இதுல ஒண்டும் இல்ல. சும்மா இருக்கிறதைக் கழட்டினா அதுக்கே ரோசம் வரும்" என்றார். கழற்றினோம். ஒன்றும் இல்லை. பூட்டினோம். இப்போது ஓரிடத்தில் ஒழுகுகிறது.

அதைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
புவனேந்திரன்

---

கொக்குவில்
18.11.2024

பிரசாந்தினியின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதிய ஓட்டங்களைக் கூட்டிப் பார்த்தேன். அப்புத்தளைக்கு இரண்டு, மொனராகலைக்கு இரண்டு. போகவர நானூறு கிலோமீற்றருக்குக் கிட்ட வருகிறது. திரும்பாமல் ஓட்டியிருந்தால் இப்போது எங்கள் கேற்றடியில் நிற்பீர்கள்.

போன மாசியிலும் இப்படித்தான் ஒரு ஒழுக்கு இருந்தது. அம்மா என்னைக் கேட்கிறார் என்று வதனி போன் பண்ணினாள். நான் ஒரு மணித்தியாலத்தில் பையை அடுக்கிவிட்டேன். நீங்கள் காருக்குக் கீழே போய், பிரேக் எண்ணெய் கசிகிறது, ஒரு றப்பர் மாற்ற வேண்டும், மூன்று நாள் பொறு என்றீர்கள். மூன்றாம் நாள் காலை வதனி திரும்பப் போன் பண்ணினாள். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இனிப் போகலாம், பிரேக் சரி என்றீர்கள்.

நான் பஸ்ஸில் வந்தேன்.

இங்கே மழை. அவ்வளவுதான்.

லீலாதேவி

---

பதுளை
29.12.2024

அன்புள்ள லீலா,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். கியர்பெட்டி வெளியே இருக்கிறது.

றேடியேற்றர் ஒழுக்கு அடைபட்டது. அதன்பின் மூன்றாம் கியரில் ஒரு சத்தம் கேட்டேன். இப்றாஹீமுக்குக் கேட்கவில்லை. பூனாகலைத் தோட்டத்து லொறி ஓட்டுகிற அழகையா அங்கே நின்றார். அவரை ஏற்றிப் பசறை ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். "சத்தம் கேக்குதுங்கய்யா" என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. "நீங்க பேசுற சத்தந்தான் கேக்குது. அதை நிப்பாட்டுனா வண்டி நல்லாத்தான் போகுது."

இருந்தும் பெட்டியை இறக்கினோம். பல்லெல்லாம் எங்கள் இருவருடையதையும்விட நன்றாக இருக்கிறது.

பின்பெட்டியைத் திறந்தபோது தேங்காய் முளைத்திருந்தது. விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு குருத்து. அழகையா வந்து எட்டிப் பார்த்தார். "என்னங்கய்யா, தேங்காயே கௌம்பிருச்சு, நீங்க இன்னும் கௌம்பலையா?" இப்றாஹீம் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

முளைத்த தேங்காயைப் பிள்ளையாருக்கு உடைக்கலாமா என்று வதனியிடம் கேட்டு எழுதவும்.

நாற்பது அம்சங்கள் முடிந்தன.

அன்புடன்,
புவனேந்திரன்

---

கொக்குவில்
09.01.2025

பிரசாந்தினியின் அப்பாவுக்கு,

ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது. மாசி நாலு, காலை ஒன்பது மணி. சாப்பாடு நாற்பது பேருக்கு. உங்களைச் சேர்த்து நாற்பத்தொன்று என்று வதனி எழுதினாள். நான் அதை வெட்டவும் இல்லை, சரி சொல்லவும் இல்லை.

தேங்காய் பற்றி அவளுக்குத் தெரியாது.

மாசி நாலுக்குப் பிறகு வர வேண்டாம். வந்தாலும் கேற்றைத் திறக்க மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தால் எழுதச் சுகமாக இருந்திருக்கும்.

லீலாதேவி

---

பதுளை
26.01.2025

அன்புள்ள லீலா,

கியர்பெட்டி பூட்டியாகிவிட்டது. கார் கராஜ் வாசலில் நிற்கிறது. இப்றாஹீம் பற்றரியைப் பூட்டி ஸ்ராட் பண்ணி, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு நிறுத்தினார். சாவியை என் கையில் தந்தார்.

"சேர், இனிக் கழட்ட ஹோர்ன் மட்டும்தான் மிச்சம். இந்த வண்டி யாழ்ப்பாணம் போகும். நீங்க போவீங்களா எண்டதுதான் எனக்குத் தெரியல்ல."

சாவியைப் பையில் போட்டேன். வீட்டுக்கு வந்து படிவத்தை எடுத்தேன். நாற்பத்தொரு சரி. நாற்பத்திரண்டாவது அம்சம், ஓட்டுநரின் தகுதி. மற்றவர்களுக்கு அதை நான் ஒருநாளும் வாசித்ததுகூட இல்லை. பழக்கத்தில் கீறிவிட்டுப் போவேன். இரண்டு நாளாக அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது.

ஒரு விடயம் எழுத வேண்டும். போன மாசியில் பிரேக் எண்ணெய் கசியவில்லை. சில்லுக்குப் பின்னால் நான் கண்ட ஈரம் தண்ணீர். அன்று விடிய நானேதான் காரைக் கழுவினேன். விரலில் தொட்டு மணந்து பார்த்தபோதே தெரியும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாத பரிசோதகர் இந்த மாகாணத்தில் இல்லை. எழும்பி வந்து, கசிகிறது என்று உமக்குச் சொன்னேன். மூன்று நாளும் கீழே படுத்திருந்து ஒரே ஆணியைக் கழற்றிப் பூட்டினேன்.

ஏன் என்று கேட்டால், சாகப் போகிற ஒருவருக்கு முன்னால் எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது. காருக்குக் கீழே படுத்திருப்பவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இது காரணம் அல்ல. கேட்டால் எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை.

புவனேந்திரன்

---

கொக்குவில்
03.02.2025

பிரசாந்தினியின் அப்பாவுக்கு,

எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் நீங்கள் காருக்குக் கீழே இருந்தபோது, றப்பர் வந்துவிட்டதா என்று இப்றாஹீமுக்குப் போன் பண்ணினேன். "என்ன றப்பர் அக்கா? சேர் என்னட்ட ஒண்டும் கேக்கல்லயே" என்றார். சரி என்று போனை வைத்தேன். உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கார்ப் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் கையை மட்டும் வெளியே நீட்டி எடுத்தீர்கள்.

பஸ் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. என் பை கதவடியில் இருந்தது. அன்று பின்னேரமும் நான் போகவில்லை, இரவும் போகவில்லை. நான்கு தரம் பையைத் திறந்து திரும்ப அடுக்கினேன். எல்லாருக்கும் கார் பழுது என்று சொன்னேன். வதனிக்கும் அதைத்தான் சொன்னேன். ஒரு வருடமாக அதை இங்கே சொல்லிக்கொண்டு, குற்றத்தை உங்கள் கணக்கில் மட்டும் எழுதி, இந்தக் கட்டிலில் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கிறேன்.

காரைக் கொண்டுவர வேண்டாம். அதில் வந்தால் நீங்கள் தம்புள்ளையில் இறங்கிக் கீழே படுத்துவிடுவீர்கள்.

பஸ்ஸில் வாங்கோ.

லீலா

---

பதுளை பஸ் நிலையம்
14.02.2025, காலை

அன்புள்ள லீலா,

நான் நலம். கார் பற்றி எழுத ஒன்றுமில்லை. சாவியை இப்றாஹீமிடம் கொடுத்தேன். கிழமைக்கு ஒருதரம் ஸ்ராட் பண்ணச் சொன்னேன். "கழட்டலாமா சேர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பஸ் முன்னால் நிற்கிறது. தனியார் பஸ். புறப்பட இருபது நிமிடம் இருந்தது, சுற்றிவரப் பார்த்தேன். முன் வலது ரயர் வழுக்கை. பின்விளக்கு ஒன்று இல்லை, அந்த இடத்தில் சிவப்புப் பேப்பர் ஒட்டியிருக்கிறது. பின்சில்லுக்கு முட்டாகக் கருங்கல் ஒன்று. கைப்பிரேக் அதுதான் என்று நினைக்கிறேன். அடியில் ஏதோ கசிகிறது. குனிந்து விரலில் தொட்டு மணந்து பார்த்தேன். இந்த முறை எண்ணெய்தான். நான் உத்தியோகத்தில் இருந்திருந்தால் இந்த வாகனம் இந்த முற்றத்தைத் தாண்டியிருக்காது.

கண்டக்டர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னய்யா, ஏறுறீங்களா? இல்ல பஸ்ஸ வெலைக்குக் கேக்குறீங்களா?"

ஏறிவிட்டேன். பதினான்காம் இலக்க ஆசனம். யன்னல் மூடாது. முளைத்த தேங்காய் மடியில் இருக்கிறது. குருத்து முறியாமல் இருக்கச் சேர்ட்டால் சுற்றியிருக்கிறேன். முறிகண்டியில் எல்லாரும் இறங்கும்போது நானும் இறங்கிக் கும்பிடுவேன். இதை உடைக்க மாட்டேன். உமக்குத்தான் கொண்டுவருகிறேன், என்ன செய்வதென்று தெரியாமல்.

ஞாயிற்றுக்கிழமை எங்கே நிற்க வேண்டும் என்று நீர் சொன்னால் அங்கே நிற்பேன்.

தபாற்பெட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இறங்கினால் திரும்ப ஏறுவேனா என்று தெரியாது. ஆகவே கடிதத்தைக் கையிலேயே கொண்டுவருகிறேன்.

புவனேந்திரன்