எங்கள் பேஸ்போல் அணியைக் கலைத்தது யார்

ஜூன் 14, ஞாயிறு

இல்ஃபோர்ட் மீன்கடையில் எங்கள் பழைய பேஸ்போல் கப்டன் சிவா அண்ணையைக் கண்டேன். பந்தை அடித்துவிட்டு, கீழே போடவேண்டிய மட்டையோடு ஓடுகிற கிரிக்கெட்காரர் ஒன்பது பேர் சேர்ந்த அணி அது. ஞாயிறுகளில்தான் விளையாட்டு. ஒரு கோடைகூடத் தாங்கவில்லை.

"நீ வராமல் விட்டாய். எட்டுப் பேரோட விளையாட ஏலாது. அதாலதான் டீம் கலைஞ்சது" என்றார்.

டீம் கலைந்துவிட்டதென்று அவர் போனில் சொன்னதாக மனைவி சொன்ன பிறகுதான் நான் போகாமல் விட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கேட்டேன்.

"ஓம், அப்பிடித்தான் சொன்னவர்" என்றாள். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

யாரை நம்புவதென்று விளங்கவில்லை. கோபப்படவும் முடியவில்லை. அந்தக் கோடையில் ஒரு ஞாயிறு, நான் வீட்டில் இருந்தபடியால்தான், மகள் முதன்முதலாக எழுந்து என்னிடம் நடந்து வந்தாள்.