கோபுரம் உட்காரவில்லை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

போட்டோ வந்தது. நம் மாடல் டாங்கி நன்றாக வளர்ந்திருக்கிறது. சக்கரங்கள் உன் வேலை, பார்த்ததுமே தெரிகிறது. ஆனால் முன்தகடுகள் சேரும் இடத்தில் அந்த வெல்டிங் வரியை யார் போட்டது? மீன் செதில் மாதிரி அவ்வளவு சீராக இருக்கிறது. உனக்கு அது ஏழு ஜென்மத்துக்கும் வராது.

இங்கே லிஃப்ட் கம்பெனியில் நாள் முழுக்கப் படம் வரைகிறேன். அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. "நீ இல்லாம அதுல கையே வைக்க மாட்டேன்" என்று பஸ் ஏற்றிவிடும்போது சொன்னாய். சும்மா ஞாபகப்படுத்தினேன்.

உன் தங்கை வாண்டு

ஜனவரி 20

அன்பு வாண்டுவுக்கு,

உனக்குக் கழுகுக் கண்தான். அது உன் அண்ணியின் வேலை. கல்யாணமான புதிதில், "டேங்க் செய்யறேன்னீங்களே, தண்ணி எங்க ஊத்தறது?" என்று கேட்டவள்! பேக்கரியில் கேக்குக்குப் பூ வைக்கிற கை அல்லவா? விரிசல் அடைக்கிற பட்டிப் பசையை நூலாக உருட்டி, கத்தி முனையால் அழுத்திக் காட்டினாள். நான் வாயைப் பிளந்துவிட்டேன். இப்போது மேல்தகடு முழுக்க அவள் பொறுப்பு. குட்டி ரிவெட் ஆணிகளை ஊசி முனையில் எடுத்து ஒட்டுகிறாள்.

மேலே பீரங்கியோடு சுழலும் கோபுரத்துக்கு நீ போட்ட வரைபடத்தை அனுப்பு. கோடையில் கண்காட்சி வருகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

ஜனவரி 28

அண்ணா,

கோபுரம் என் வேலை என்றுதானே பேச்சு? பழைய படங்களைத் தேடித் தேடி ஆறில் ஒரு பங்காகக் கணக்குப் போட்டது யார்? உழுதவள் ஒருத்தி, அறுக்கிறவள் இன்னொருத்தி. போகட்டும்.

வரைபடம் இத்துடன் இருக்கிறது. மேல்தகட்டில் கோபுரம் உட்கார வேண்டிய துளையின் அளவைச் சிவப்பில் எழுதியிருக்கிறேன். உன் மனைவியையே வெட்டச் சொல். நல்ல கையாயிற்றே.

வாண்டு

பிப்ரவரி 25

வாண்டு,

கோபுரம் உட்காரவில்லை. வைத்தவுடன் சாய்ந்து துளைக்குள் இறங்கிவிட்டது. உன் அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் காம்பஸ சரியா பிடிக்கல. உங்க தங்கச்சி எவ்வளவு அக்கறையா வரைஞ்சு அனுப்பினா! அவகிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவா" என்று அழுதாள்.

அவள் தூங்கியபின் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நீ எழுதிய அளவுக்கு மயிரிழைகூடப் பிசகாமல் வெட்டியிருக்கிறாள். கோபுரத்தின் அடிக்கு நீ எழுதியதுதான் வேறு அளவு. நீ லிஃப்டுக்குப் படம் வரைகிறவள். அளவு தப்பினால் ஆள் போய்விடும் என்று நீதான் எனக்குச் சொல்வாய்.

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உன்னிடமும் எதுவும் கேட்கப்போவதில்லை.

அண்ணன்

மார்ச் 4

அண்ணிக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இப்படி ஒரு கடிதமாக அமைந்துவிட்டது.

உங்கள் காம்பஸில் எந்தத் தவறும் இல்லை. துளையின் அளவைத் தெரிந்தேதான் கூட்டி எழுதினேன். கோபுரம் விழ வேண்டும், அண்ணன் உங்களைத் திட்ட வேண்டும், "நீ வந்தாத்தான் ஆகும்" என்று என்னைக் கூப்பிட வேண்டும். இவ்வளவுதான் என் திட்டம். நீங்களோ என் மனசு கஷ்டப்படும் என்று அழுதிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துளைக்குள் ஒரு வளையத்தை ஒட்டிச் சிறிதாக்கலாம். சரியான அளவைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். நம்பிக்கை வராவிட்டால் கோபுரத்தை வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஒட்டிய இடம் வெளியே தெரியாதபடி பட்டி பூசித் தேய்க்க வேண்டும். தயவுசெய்து அதை அண்ணனிடம் கொடுக்காதீர்கள், அவன் கை முரடு. என் கைக்கும் அந்த நயம் கிடையாது. உங்கள் கைதான் வேண்டும்.

இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

உங்கள் நாத்தனார்