கட்டைவிரல் சண்டை

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒருவருக்கு முடி வெட்டும்போது பிடரியருகே கத்தரிக்கோல் நழுவிவிட்டது. நல்லவேளை, தோளில் போட்டிருந்த துண்டில் விழுந்தது. வலது கட்டைவிரலின் அடியில் சுருக்கென்று ஒரு குத்தல், விரல் தானாகத் திறந்துகொண்டது. அந்த மனிதர் கண்ணாடி வழியாக முறைத்தார். “ஒண்ணும் இல்ல சார், கத்தரிக்கோலுக்கு உங்க கழுத்தைப் பிடிச்சுப்போச்சு” என்று சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை. முதலாளியம்மாவும் சிரிக்கவில்லை.

மார்ச் 5

வீங்கியிருக்கிறது. “போனைக் கீழ வை, சரியாயிடும்” என்கிறார் வீட்டுக்காரர். பல் வலித்தாலும் இதுதான், வயிறு வலித்தாலும் இதுதான். ஒரே மருந்தை வைத்துக்கொண்டு ஊரையே பிழைக்க வைக்கிற மனுஷன்.

எப்படிக் கீழே வைப்பது? குடும்ப வாட்ஸ்அப்பில் மாதக்கணக்காக நடக்கிற சண்டை. இன்றைக்கு அண்ணி எழுதியிருக்கிறாள்: “சிலருக்கு ஊர்த் தலையெல்லாம் தடவ நேரம் இருக்கு. பெத்தவ தலையைப் பார்க்க மட்டும் நேரம் இல்ல.” சிலருக்காம். அந்தக் குழுவில் முடி வெட்டிப் பிழைக்கிறவள் நான் ஒருத்திதான். அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் போய்ப் பார்க்கிறேன். நான் போகிற நேரம் பார்த்து அண்ணி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பிறகு யார் வந்தது, யார் வராதது என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

முழ நீளத்துக்குப் பதில் அடித்தேன். “நான் யாருக்கும் தலை குனிஞ்சவ இல்ல. நீங்க வேணா...” திட்டும்போதும் ‘நீங்க’தான் வந்து தொலைக்கிறது.

மார்ச் 8

அவள் பதில். என் பதில். அவள் பதில். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறேன், பீரோவை நகர்த்துகிற மாதிரி.

மார்ச் 11

பிசியோதெரபி செய்கிற பெண் பிடரியை அழுத்திப் பார்த்தாள்.

“எப்பவும் தலையைக் குனிஞ்சே வச்சிருக்கீங்கம்மா. கழுத்து முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்குது. கட்டைவிரல் தசைநாரும் உரசி உரசி வீங்கிடுச்சு. அப்படி யாருக்கு டைப் பண்றீங்க?”

“வேண்டப்பட்டவங்க” என்றேன்.

தலை குனியாதவள் என்று எழுதினேனே, அதையே குனிந்துதானே எழுதினேன்? அதுவும் அண்ணிக்கு, மாதக்கணக்கில். மாமியாராக இருந்தும் என் அம்மா அவளிடம் சாதிக்காததை, அவள் என்னிடம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சாதித்துவிட்டாள்.

மார்ச் 12

மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். “குணமாகிற வரைக்கும் வெட்ட வேணாம். உனக்கு ஈஸியான வேலை வச்சிருக்கேன்” என்றார் முதலாளியம்மா. என்ன ஈஸி? கடை போனில் கேட்கிறவர்களுக்கெல்லாம் நேரம் சொல்லி மெசேஜ் அடிப்பது. கால் உடைந்தவளை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புகிற கருணை.

என் நாற்காலியில் புதிதாக ஒருத்தி. முடி வெட்டுகிறாளா, புல் பிடுங்குகிறாளா தெரியவில்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் அவளிடம் சிரித்துப் பேசுகிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் போனால் அது அவள் நாற்காலி. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 13

யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

மார்ச் 17

இடது கையால் “அண்ணி, இனிப் போதும்” என்று அடித்தேன். போன் தன் இஷ்டத்துக்கு “அண்டா, இனிப் போதும்” என்று மாற்றி அனுப்பிவிட்டது. அண்ணியின் இடுப்புச் சுற்றளவு எங்கள் குடும்பத்தில் யாரும் வாய் திறக்காத விஷயம். அழிப்பதற்குள் நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

மார்ச் 19

இன்னும் பதில் இல்லை. அவள் திட்டாதது திட்டுவதைவிட மோசம்.

மார்ச் 27

மத்தியானம் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

“யாருடி அண்டா?”

“போன் பண்ணின வேலை அண்ணி. சத்தியமா.”

“அன்னைக்கே கிழிச்சிருப்பேன். கை வரல.” வலது மணிக்கட்டை நீட்டினாள். என்னுடையதைப் போலவே பட்டை. அதே நிறம்கூட.

தலை பாதி பின்னி, பாதி அவிழ்ந்து கிடந்தது. “அத்தைதான் பின்னி விடறாங்க. அவங்களுக்கும் கை நடுங்குது. கழுத்து வரைக்கும் வெட்டிவிடு.”

“புதுசா ஒருத்தி இருக்கா, அவ வெட்டுவா.”

“உன்கிட்டதான் வந்தேன்.” கொஞ்சம் தயங்கி, “நீ ஞாயித்துக்கிழமை வர்றது தெரியும்டி. வந்து என்ன, போனைத்தானே பார்க்கிற. ‘வந்தா அவ வகிடுதான் எனக்குத் தெரியுது’ன்னு அத்தையே சொன்னாங்க.”

அம்மா அப்படியா சொன்னாள்? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

பட்டையைக் கழற்றினேன். ஒரு கைப்பிடி வெட்டுவேன், விரலை உதறுவேன், மறுபடி வெட்டுவேன். அரை மணி வேலை மத்தியானம் முழுக்க இழுத்தது. கத்தரிக்கோல் நழுவவில்லை. முதலாளியம்மா பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, “நாளைக்குக் காலையில ஒருத்தர் வர்றார். ஒருத்தர் மட்டும். பண்ணுவியா?” என்றார்.

அண்ணி கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்தாள். “இடது பக்கம் கோணல்” என்றாள். கோணல்தான்.

மார்ச் 30, ஞாயிறு

போனேன். அண்ணி வீட்டில் இருந்தாள். நேருக்கு நேர் உட்கார்ந்து திட்டினாள், நானும் விடவில்லை. அம்மா நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை வலிக்கவே இல்லை. தொண்டைதான் கட்டிக்கொண்டுவிட்டது.