வேப்பிலை இல்லாத வாசல்கள்

புளியமரத்துப்பட்டி,
10.2.1964

அன்புத் தம்பி சுருளிவேலுக்கு அக்கா பொன்னழகு எழுதுவது.

இங்கே நானும் உன் மச்சானும் முத்துப்பேச்சியும் சுகம். பழனியில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஓட்டல் இட்லியோடு நாளை ஓட்டுகிறாயா என்று தெரியவில்லை. சுகாதார இன்ஸ்பெக்டர் ஆன பிறகு அக்காவுக்கு ஒரு கார்டு போடக்கூடக் கை வலிக்கிறது போலிருக்கிறது.

சித்திரையில் முத்துப்பேச்சிக்குக் காது குத்த நாள் பார்த்திருக்கிறோம். தாய்மாமன் மடிக்கு நீ வந்தாக வேண்டும். "மாமா மடியில உக்காந்தா வலிக்காதாம்மா?" என்று தினம் கேட்கிறாள். வலிக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் உங்கள் ஆட்கள் வந்து ஒரு கொட்டகை போட்டிருக்கிறார்கள். பெரியம்மை வந்தால் அதில் கொண்டுபோய் வைப்பார்களாம். ஊரில் ஒருத்தருக்கும் ஒன்றுமில்லாதபோது கொட்டகை எதற்கு? பெரியகருப்பன் டீக்கடையில் சொன்னானாம், "கொட்டகையப் போட்டுட்டான்ல, இனி அதுக்கு ஆள் தேடுவான்" என்று. சிரித்தவர்கள் குறைவு. இல்லாத நோய்க்குச் சர்க்கார் இம்புட்டுச் செலவழிக்கிறதென்றால் அதற்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றுதான் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள்.

அதோடு, மேற்குத் தெருவில் மாயம்மாள் பேரனுக்கு லேசாக முத்துப் போட்டிருந்தது. அது சின்னம்மைதான். வேப்பிலை கட்டியிருந்தார்கள். அம்மை குத்துகிறவர்கள் மூன்று பேர் வேறெந்த வீட்டையும் பார்க்காமல் நேரே அந்த வேப்பிலை வாசலுக்குப் போய், செருப்புக் காலோடு உள்ளே நுழைந்துவிட்டார்கள். ஆத்தா இருக்கிற வீட்டில் செருப்பு. மாயம்மாள் இன்னும் அழுது தீரவில்லை. வெளியூர்க்காரனுக்கு வேப்பிலை விஷயம் எப்படித் தெரிந்தது? யார் சொல்லிக் கொடுத்தது? நீ அந்த ஆபீசில்தான் இருக்கிறாய். எனக்கு மட்டுமாவது உண்மையைச் சொல்.

உன் அக்கா,
பொன்னழகு

*

பழனி,
16.2.1964

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி சுருளிவேல் வணங்கி எழுதியது.

கடிதம் கிடைத்தது. திட்டும் கிடைத்தது. பங்குனி உத்திரத்துக்கு இங்கே லட்சம் பேர் கூடுவார்கள். அதற்குள் சத்திரம் சத்திரமாகப் போய்க் குத்த வேண்டும். எங்கள் எல்லாருக்கும் லீவு நிறுத்திவிட்டார்கள். காதுகுத்துக்குக் கட்டாயம் வருகிறேன். மடி முத்துப்பேச்சிக்குத்தான்.

கொட்டகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒருவனுக்கு அம்மை கண்டால், பதினைந்தாம் நாள் அது திண்டுக்கல் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிவிடும். வந்த பிறகு மூங்கில் வெட்டப் போனால் பாதி ஊர் போய்விடும். அதனால்தான் எல்லா நாட்டுச் சர்க்காரும் சேர்ந்து முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறோம். கொட்டகை கடைசிவரை காலியாகவே கிடந்தால் எங்கள் வேலை பலித்தது என்று அர்த்தம்.

வேப்பிலை பற்றி எனக்கொன்றும் தெரியாது. குத்துகிறவர்களுக்கும் கண் இருக்கிறதே, அவர்களாகப் பார்த்திருப்பார்கள். செருப்போடு போனது தப்புத்தான்.

முத்துப்பேச்சிக்கு உடனே குத்திவிடு. மச்சானிடம் நான் சொன்னதாகச் சொல்.

இப்படிக்கு,
சுருளிவேல்

*

புளியமரத்துப்பட்டி,
27.2.1964

தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் மச்சானிடம் சொன்னேன். "கை வீங்கிக் காய்ச்சலோட பிள்ளையக் காது குத்த உக்கார வைக்கவா? சித்திரை முடியட்டும்" என்கிறார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

இப்போது இங்கே ஒரு வாசலிலும் வேப்பிலை கிடையாது. அம்மை வார்த்தாலும் கட்டுவதில்லை என்று ஊரே பேசிவைத்த மாதிரி ஆகிவிட்டது. கட்டினால் உங்கள் ஆட்கள் வந்து ஆளைக் கொட்டகைக்குத் தூக்கிவிடுவார்கள் என்ற பயம்.

நேற்று சோலைமலை வீட்டுக்குப் பாலுக்கு உறைமோர் வாங்கப் போனேன். வாசலில் ஒன்றும் இல்லை. முத்துப்பேச்சியை இடுப்பில் வைத்தபடி உள்ளே போய்விட்டேன். அவர் தம்பி வாழையிலையில் படுத்திருந்தார். முகமெல்லாம் முத்து. சோலைமலை சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய சொல்லிப்புடாதே தாயி, உன் தம்பி காதுக்குப் போயிரும்" என்று அழுதது. நம் ஊரில் வேப்பிலையைப் பார்த்தால் பச்சைப் பிள்ளைக்காரி படியேற மாட்டாள். நூறு வருஷமாக அது எங்களைக் காத்தது. நேற்று அது இருந்திருந்தால் நான் ஏன் உள்ளே போகிறேன்?

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். சின்னாளபட்டியில் உங்கள் ஆள் ஒருவன் பெருமையாகச் சொன்னானாம், "எங்க இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கத்துக்காரரு, வேப்பிலைக் குறிப்பு அவரு குடுத்ததுதான்" என்று. நீதானா? ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. சுற்றி வளைக்காதே.

பொன்னழகு

*

பழனி,
4.3.1964

அக்காவுக்கு,

ஆமாம், நான்தான். வீடு வீடாகக் கேட்டால் ஒருவரும் சொல்வதில்லை. வேப்பிலையைப் பார்த்துப் போகச் சொன்னேன். எத்தனையோ ஊர்களில் அதனால் நோய் நின்றிருக்கிறது. உன்னிடம் மறைத்தது தப்பு. நீ கோபப்படுவாய் என்று பயந்துதான் மறைத்தேன், வேறு காரணமில்லை.

அதை விடு. முதலில் முத்துப்பேச்சியைப் பார். அம்மை வீட்டுக்குள் போய் வந்து இரண்டொரு நாளுக்குள் குத்தியிருந்தால் முழுப் பாதுகாப்பு. உன் கடிதம் வர இத்தனை நாளாகிவிட்டது. இருந்தாலும் இன்றே சின்னாளபட்டிக்குத் தூக்கிக்கொண்டு போ. காதுகுத்து அடுத்த வருஷம் கூட வைத்துக்கொள்ளலாம். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் அக்கா.

சுருளிவேல்

*

புளியமரத்துப்பட்டி,
16.3.1964

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். வெயில் அதிகம். இளநீரும் பானகமுமாகப் பொழுது போகிறது. உன் மச்சான் சோம்பேறியாகி ஒரு வாரமாகத் தாடியும் மீசையுமாகத் திரிகிறார். காதுகுத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம். உனக்கு வேலை அதிகம், இப்போது வந்து அலைய வேண்டாம். பிறகு எழுதுகிறேன்.

பொன்னழகு

*

பழனி,
19.3.1964

அக்கா,

கார்டை நாலைந்து தடவை படித்துவிட்டேன். அதில் முத்துப்பேச்சி பெயர் ஓர் இடத்திலும் இல்லை. அவள் பெயர் இல்லாமல் நீ எனக்கு எழுதியதே கிடையாது. சனிக்கிழமை தவறாமல் சவரம் செய்துகொள்கிற மச்சான் தாடி வைத்திருக்கிறார். எந்த வீட்டில் ஆம்பளை கத்தி தொடமாட்டான் என்று எனக்குத் தெரியாதா? நானும் அதே ஊரில்தானே பிறந்தேன்.

சந்தேகம் வந்தால் உடனே மேலே எழுத வேண்டும் என்பது சட்டம். சோலைமலை வீட்டைப் பற்றி நீ சொன்ன பிறகும் நான் எழுதவில்லை, இப்போதும் இன்னும் எழுதவில்லை. தாளை எடுத்து ஊர்ப் பெயர் வரை எழுதிவிட்டு வைத்துவிட்டேன். மற்ற வீட்டுப் பிள்ளைகளை நினைத்தால் எழுதச் சொல்கிறது. உன்னை நினைத்தால் முடியவில்லை. அதனால் உன்னிடமே கேட்கிறேன். நீயே வாசலில் வேப்பிலை கட்டிவிடு. கொட்டகைக்குத் தூக்க மாட்டார்கள். வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும் என்று இங்குள்ள எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். உத்திரம் முடிந்த அன்றே பஸ் ஏறுகிறேன்.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது.

சுருளி

*

புளியமரத்துப்பட்டி,
25.3.1964

தம்பி சுருளிவேலுக்கு,

நேற்று முத்துப்பேச்சிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். ஆத்தா இறங்கிவிட்டாள். உயிர் இருக்கிறது. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. அது திரும்பாது என்று சின்னாளபட்டி டாக்டரம்மா சொல்லிவிட்டது. முகத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். கண்ணாடியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே வேப்பிலை கட்டிவிட்டேன். உன் சொல்லுக்காக அல்ல. பக்கத்து வீட்டு மருமகள், ஏழு மாசம், தீக்கங்கு வாங்கச் சட்டியோடு படியில் கால் வைத்தது. "ஏறாதே, நில்லு" என்று கத்திவிட்டேன். அது பயந்துபோய் என்னையே பார்த்தது. வாசல் சுத்தமாக இருக்கிறதே, அதற்கு என்ன தெரியும்? சோலைமலை சம்சாரம் எனக்குச் செய்ததைத்தான் நானும் அந்தப் பிள்ளைக்குச் செய்ய இருந்தேன். உடனே போய்க் கிளை ஒடித்தேன். உன் மச்சான் கையைப் பிடித்து, "ஊர்ல தலை காட்ட முடியாதுடி" என்றார். உதறிவிட்டுக் கட்டினேன்.

இரண்டு நாளில் உங்கள் ஆட்கள் வந்தார்கள். நீ சொன்னபடி வெளியே நின்று குரல் கொடுத்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள். பிள்ளையை யாரும் தூக்கவில்லை. தெரு முழுக்கக் குத்தினார்கள். என் வீட்டிலிருந்து இதுவரை யாருக்கும் பரவவில்லை. உன் வேலை பலித்தது. கொட்டகையில் பெரியகருப்பன் ஆடு கட்டுகிறான்.

மார்ச் நாலாம் தேதி நீ எழுதினாயே, காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று, அந்தக் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனேன். அங்கே நிற்கும்போது, இவன் வேப்பிலை பற்றி ஒன்றும் தெரியாது என்றவன்தானே, இதிலும் என்னத்தை மறைக்கிறானோ என்று தோன்றியது. கண் முன்னால் பஸ் வந்தது, போனது. நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அந்த ஊசி அப்போது பலித்திருக்குமா, மாட்டாதா, எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தாலும் எழுதாதே. எழுதினால் நம்புவேனா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

உத்திரம் முடிந்து வருகிறேன் என்றாய். வா. மடி உன்னுடையதுதான், அதை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. மாமா எப்போது வரும் என்று அவளும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஆனால் வாசலில் வேப்பிலை இன்னும் இருக்கிறது. வாடிவிட்டது, எடுக்க மனமில்லை. நீ வந்தால் நம் ஊர்க்காரர்கள் நிற்கிற மாதிரி வெளியே நின்று ஒரு குரல் கொடு. நான் வந்து உள்ளே கூப்பிட்டால் வா. கூப்பிடுவேனா என்று இன்றைக்கு என்னால் எழுத முடியவில்லை.

பொன்னழகு