முதல் வீட்டுச் சலுகை

ஒக்டோபர் 19

பாடம் நடத்திவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு எங்கள் வரிசைவீட்டு லயத்து வாசலில் நின்று என் அக்கா வீரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். டிசம்பரோடு அவளுக்குத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு. அதன்பின் எங்கள் வீட்டிலிருந்து யாராவது தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தோட்டம் தந்த இந்த அறையை, காம்பராவை, விட்டுவிட வேண்டும்.

"சேர் படிச்சவரு. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

தெரியும். அப்பா, அம்மா, அக்கா என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேர் கொடுத்த கூரையின் கீழ் இருந்துதான் நான் பட்டம் வாங்கினேன்.

ஒக்டோபர் 26

ஹட்டனில் செபஸ்தியாம்பிள்ளையின் வீட்டுக்கு முற்பணம் கொடுத்தாயிற்று. ஓய்வுபெற்ற தபாலதிபர். நீர்கொழும்பில் மகளோடு இருக்கப் போகிறார். வங்கிக் கடனும் சரி. ஒன்றுதான் இடிக்கிறது. முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களுக்குக் கொடுத்த வரிச் சலுகை டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் வீட்டு உறுதிப்பத்திரம் எழுத வேண்டும். வீட்டில் பங்குள்ள அவர் மகன் இத்தாலியில். மகனுடைய கையெழுத்துப் பத்திரம் தூதரகம் வழியாக வர வேண்டும். சலுகை போனால் வரி கட்ட என்னிடம் வழியில்லை.

அந்த வீட்டு அடுப்படியில் என் மனைவி நிஷாந்தி குசினிக் கதவைத் திறந்து திறந்து மூடினாள். "சாத்துனா சாத்திக்குதுங்க," என்றாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவளுக்கு வாய்த்தது கயிறு கட்டிய கதவு.

நவம்பர் 3

சலுகையை நீடிக்கச் சொல்லி எம்.பி.மாருக்கு ஒரு மனு எழுதினேன். தமிழிலும் சிங்களத்திலும். அதில் எழுதியது இது: இந்த நாட்டில் முதல் வீடு என்ற சொல் யாருக்காவது முழுதாகப் பொருந்துமென்றால் அது தோட்டத்து மக்களாகிய எங்களுக்குத்தான். தலைமுறை தலைமுறையாகக் கம்பனிக்காரனின் அறையில் இருந்தோம். பாட்டன் வாங்கவில்லை, அப்பன் வாங்கவில்லை. இப்போதுதான் ஒரு ஆசிரியனோ கடைக்காரனோ துணிகிறான். அவன் துணிகிற நேரத்தில் சலுகையை நிறுத்தினால் யாருக்காக அதைக் கொண்டுவந்தீர்கள்?

நன்றாகத்தான் வந்திருக்கிறது. நன்றாக எழுதி எனக்கு எது கிடைத்தது?

நவம்பர் 8

கையெழுத்து வாங்க லயம் லயமாகப் போனேன். தோட்டச் சங்கத் தலைவர் பொன்னையா தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார். "வீடு வாங்குறது சேரு. கையெழுத்து எங்களோடதா?"

"நாளைக்கு ஒங்க மகனும் வாங்குவான், தலைவரே."

"அவன் மொதல்ல பைக்குக் கடன கட்டி முடிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கையெழுத்துப் போட்டார்கள். எனக்காக அல்ல, அக்காவுக்காக. ஒவ்வொருவரும் போட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தார்கள்.

நவம்பர் 15

மனு மேலே போய்ச் சேர ஜீவராஜிடம் போகாமல் முடியாது. எம்.பி.யின் இணைப்புச் செயலாளர். என் வகுப்புத் தோழன். எனக்கு வரவேண்டிய பள்ளிக்கூட அதிபர் பதவியை ஒரு தொலைபேசி அழைப்பில் இன்னொருவனுக்குத் திருப்பியவன். அன்றிலிருந்து பேச்சில்லை.

மனுவை முழுவதும் வாசித்தான். "தமிழ் அப்பிடியே இருக்கு மச்சான். ஆனா கோவம் கூடிப்போச்சு. கோவத்த எவன் வாசிப்பான்?" பேனாவை எடுத்துக் கடைசிப் பந்தியை வெட்டினான். யாருக்காகக் கொண்டுவந்தீர்கள் என்ற கேள்வியும் அதோடு போயிற்று.

"இன்னும் அந்த அதிபர் வேலைய நான்தான் கெடுத்தேன்னு நெனைக்கிறியா?"

"நினைக்கல. தெரியும்."

சிரித்தான். தேநீர் வரவழைத்தான். குடித்தேன். வெட்டியதையும் அப்படியே ஏற்றுக்கொண்டு வந்தேன். வழியில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

டிசம்பர் 5

எம்.பி. சபையில் பேசினாராம். ஜீவராஜ் காணொளி அனுப்பியிருந்தான். என் வாக்கியங்கள்தான். பரிசீலிப்பதாக அமைச்சர் சொன்னார். பின்னால் ஒருவர் கொட்டாவி விட்டார்.

டிசம்பர் 22

இத்தாலியிலிருந்து பத்திரம் வரவில்லை. சலுகை பற்றியும் பேச்சில்லை. நத்தார்ப் பண்டிகை கழியட்டும் என்கிறார் செபஸ்தியாம்பிள்ளை.

டிசம்பர் 31

முடிந்தது.

ஜனவரி 6

கண்டாக்கு வந்தார். நான் விதிமுறை பேச ஆரம்பித்தேன். ஓய்வூதியம் வரும்வரை அவகாசம், அது இது. நிஷாந்தி உள்ளேயிருந்து வந்தாள். "என் பேர போட்டுக்கங்க ஐயா."

சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். ஹட்டனில் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். என்னைக் கேட்கவில்லை. நாந்தான் அவளக் கேட்டேனா — வீடு பாத்தப்ப, மனு எழுதினப்ப? ஒரு வார்த்த கேட்டேனா? என்னத்தக் கேட்கிறது. யாராவது ஒருத்தர் போகணும்ல.

ஜனவரி 9

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நிஷாந்தியின் பேரைக் கூப்பிட்டார்களாம். அக்கா வந்து சொன்னாள். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

ஜனவரி 27

செபஸ்தியாம்பிள்ளை முற்பணத்தைத் திருப்பித் தந்தார். "மன்னிக்கணும் தம்பி. மகள் நெருக்குறா." கொழும்பு ஆள் ஒருவர் விடுமுறைக்கு வந்து தங்க வாங்கிவிட்டாராம். வரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். அவருக்கு இது எத்தனையாவது வீடு என்று நான் கேட்கவில்லை.

பெப்ரவரி 11

ஒன்றுமில்லை. மழை.

மார்ச் 2

சனிக்கிழமை. பகலில் ஜீவராஜ் தொலைபேசியில் பேசினான். "மச்சான், நீடிச்சிட்டாங்க. வர்ற டிசம்பர் வரைக்கும். ஒன் மனுதான்." நன்றி சொன்னேன். வாயிலிருந்து சுலபமாக வந்தது. அவன்தான் பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

பகல் கொழுந்து நிறுவை முடிந்து நிஷாந்தி சாப்பிட வந்தாள். விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன. ரொட்டியை உள்ளங்கையில் வைத்துப் பிய்த்தாள்.

"சலுகைய நீடிச்சிட்டாங்களாம்," என்றேன்.

"எது வரைக்குங்க?"

"டிசம்பர் வரைக்கும்."

"அப்ப நேரமிருக்கு," என்றாள்.

கையைக் கழுவினாள். கூடையின் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டு மலைக்குப் போய்விட்டாள்.