வாசலுக்கு வந்த தைமா

டிசம்பர் 2, திங்கள்

ஜப்பானில் திருத்திய கஞ்சாச் சட்டம் இம்மாதம் 12ஆம் தேதி அமலுக்கு வருகிறது. ஆதாரம்: சுகாதார அமைச்சின் அறிவிப்பு. கஞ்சாவைப் பயன்படுத்துவதே இனிக் குற்றம். அதே செடியிலிருந்து எடுக்கும் மருந்துக்கு வழி திறக்கிறது. முதல் பாதி எங்கள் பத்திரிகைக்குத் தலைப்பானது. எனக்கு வேண்டியது இரண்டாம் பாதி.

எங்கள் மகள் சிகுசாவுக்கு எட்டு வயது. எந்த மாத்திரைக்கும் அவள் வலிப்பு கட்டுப்படவில்லை. டாக்டர் ஹனாவா நடத்தும் மருந்து ஆய்வில் அவளுக்கு இடம் இருக்கிறது. பெற்றோர் இருவரும் சம்மதிக்க வேண்டும். நான் சம்மதித்துவிட்டேன். என் கணவர் குனிஹிகோ சம்மதிக்கவில்லை. ஆண்டுதோறும் ஜூலையில் பள்ளியில் போதை எதிர்ப்பு வகுப்பு எடுப்பவர் அவர்தான். ஒரு முறை தொட்டால் வாழ்க்கை முடிந்தது என்பார்.

டிசம்பர் 5

குனிஹிகோவின் தங்கை மசுமி கனடாவின் வான்கூவரிலிருந்து பேசினாள். அங்கே கடையிலேயே கிடைக்கிறது, ஒரு புட்டி எண்ணெய் அனுப்பட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். சுங்கத்தில் சிக்கினால் நானே செய்தியாகிவிடுவேன். போனை அவரிடம் கொடுத்தேன்.

"இங்க வயசானவங்க வாங்கிட்டு பஸ் ஏறிப் போறாங்க அண்ணா. யார் வாழ்க்கையும் முடியல."

"அது உன் ஊரு. இங்க பேரைச் சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரன் முகம் கொடுத்துப் பேச மாட்டான்."

பொய்யில்லை. எங்கள் தோச்சிகி மாவட்டத்தில் கோயில் கயிற்றுக்காக அதே செடியை வளர்க்கிறார்கள். அப்போது அதன் பெயர் அசா, பெருமை. போலீஸ் பிடித்தால் தைமா, அவமானம். எங்கள் பத்திரிகையில் ஒரே பக்கத்தில் இரண்டும் வந்ததுண்டு.

டிசம்பர் 9

மோசமான நாள். வலிப்பு வந்து சிகுசா படிக்கட்டில் விழுந்துவிட்டாள், உதட்டில் தையல். இன்னும் எதுக்குத்தான் காத்திருக்காரு? மருந்துக்குப் பயமா, பேருக்குப் பயமா? நேராகவே கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதானே என்றார். ஒண்ணு இல்லையே — எப்படிப் புரியவைப்பது?

டிசம்பர் 15, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஓனுகி எங்கள் தெருவின் கோயில் பொறுப்பாளர். ஆண்டுக் கடைசியில் இசே கோயிலின் காப்புச்சீட்டை வீடு வீடாகக் கொடுப்பார். அதன் பெயரும் தைமாதான். எழுத்தும் அதே எழுத்து. எல்லோருக்கும் தெரியும், யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. காது மந்தமானதால் வாசலிலிருந்தே கத்தினார்.

"வாத்தியாரே, தைமா கொண்டாந்திருக்கேன். இந்த வருஷமும் ஒண்ணு போதுமா?"

குனிஹிகோ வாயில் பற்பசை நுரையோடு ஓடினார். "மெல்லப் பேசுங்க, தெருவுக்கே கேக்குது."

"கேக்கட்டுமே. போலீஸ்காரர் வீட்ல ரெண்டு வாங்கிக்கிட்டாங்க."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என்னவென்று தெரியாமலே சிகுசாவும் சிரித்தாள். அவர் முகம் சிவந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். எத்தனை நாளாயிற்று.

சீட்டை இரு கைகளாலும் வாங்கி, மாடத்தில் வைத்து, கைதட்டி வணங்கினார். அங்கேயே நின்றார்.

"இதை வருஷா வருஷம் கும்பிடறேன்," என்றார். "அந்த மருந்துல போதை இருக்குமா?"

"எடுத்துட்டாங்கன்னு டாக்டர் சொல்றாங்க."

"நானே கேக்கணும்."

கேளுங்கள். அது போதும். ஓனுகியின் மந்தக் காதுக்கு நன்றி.

டிசம்பர் 18

டாக்டரிடம் குனிஹிகோ என் பேட்டிகளைவிட நீளமாகக் கேட்டார். கல்லீரல், பசி, தூக்கம் — டாக்டர் ஹனாவா எதையும் மழுப்பவில்லை. குணமாகும் என்று வாக்கும் தரவில்லை. அதனால்தான் நம்பினார் போலும். சம்மதித்தார்.

பிப்ரவரி 3

மருந்து தொடங்கியதிலிருந்து சிகுசா சாப்பிட மறுக்கிறாள், தூங்கி வழிகிறாள். அளவைக் குறைத்தார்கள். ஓனுகியின் மனைவி முள்ளங்கி வேகவைத்துக் கொண்டுவந்தார். ஒன்றும் விசாரிக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

சென்ற இலையுதிர் காலத்தில் வந்த வலிப்பில் பாதிகூட இந்த மாதம் வரவில்லை. மருந்தினாலா? ஆய்வு முடியாமல் அப்படி எழுத முடியாது. எழுதவில்லை.

பூங்காவில் சிகுசா தனியாக ஊஞ்சலாடினாள். பின்னால் கைநீட்டி நின்ற குனிஹிகோ, கொஞ்ச நேரத்தில் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அவருடைய மாணவன் ஒருவனின் அம்மா வந்து, இப்போது என்ன மருந்து என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்.

"தைமாவுலேருந்து எடுத்ததுங்க. ஆய்வுல சேர்த்திருக்கோம்."

அந்த அம்மா ஊஞ்சல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நல்லா ஆடறாளே," என்றாள். அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டோம். அவளுக்கு நன்றி.

ஜூலை வகுப்பில் மருந்தைப் பற்றியும் பேசலாமா என்று குனிஹிகோ கேட்டிருக்கிறார். தலைமையாசிரியர் மே விடுமுறைக்குப் பிறகு சொல்வாராம். ஆய்வு முடிவு அக்டோபரில் என்கிறார் டாக்டர் ஹனாவா. மருந்துக்கான அரசு அனுமதிக்கு இன்னும் யாரும் தேதி சொல்லவில்லை.